உளி பிடித்துப் பார்க்க ஒரு நாள்

விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இடம்பெறும். "பிள்ளைகளை ஒருநாள் எங்கேனும் அழைத்துச் செல்ல வேண்டும். செலவும் கைக்கு மீறக் கூடாது. பொழுதும் வீணாகக் கூடாது. எங்கே போகலாம்?" கேட்பவருள் பெரும்பாலோர் செங்கற்பட்டு, தாம்பரம், சென்னைப் பகுதிகளில் வாழ்வோர். அவர்களுக்குத் தொலைதூரத்து ஊர் எதையும் நாம் சொல்லப் போவதில்லை. முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் கடற்கரையும், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு செல்லும் சாலையுமே போதும். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டமாகப் பிரிந்த செங்கற்பட்டு மாவட்டத்தினுள், ஒருநாட் பயணத்துக்குள் அடங்கும் தொலைவு இது.

"மாமல்லபுரமா? அதைத்தான் பலமுறை பார்த்துவிட்டோமே!" என்று சிலர் சலித்துக் கொள்ளக் கூடும். பார்த்தது உண்மைதான். பேருந்தை விட்டு இறங்கி, ஐந்து ரதங்களின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்குவதுபோல் கைகளை உயர்த்தி இன்னொரு படம் எடுத்துக்கொண்டு, கடற்கரைக் கோயிலருகே பொரித்த மீன் உண்டு, சங்குமாலை ஒன்றை விலைபேசி வாங்கி, மாலையில் திரும்பினோம். அப்பயணத்தில் கண்கள் வேலை செய்தன. கால்கள் வேலை செய்தன. கைகளுக்கு மட்டும் வேலையே இல்லை. நாம் இங்கே பரிந்துரைக்க விரும்புவது கைகளுக்கும் வேலை தரும் பயணம். ஒரு தொழிலை அதன் பட்டறையிலேயே கண்டு, அதைச் செய்பவர் அனுமதித்தால் அந்தக் கருவியைச் சிறிது நேரம் நம் கையில் வாங்கிப் பார்ப்பது.

இப்படிச் சொன்னவுடன் ஒரு தயக்கமும் எழுகிறது. ஒரு மணி நேரம் சக்கரத்தின் முன் உட்கார்ந்து எழுந்தவன் குயவன் ஆகிவிட மாட்டான். நாற்பது ஆண்டு உழைத்தவரின் தொழிலை நாம் ஒரு பொழுதுபோக்காக ஆக்கிவிடுகிறோமோ என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு விடை அங்கே போகிறவர் நடந்துகொள்ளும் முறையில் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னர் சொல்வோம். முதலில் கல்லிடம் போவோம்.

மாமல்லபுரத்தில் கல்லின் பாடத்தை, முற்றுப்பெற்ற சிற்பங்களிடமிருந்து தொடங்க வேண்டாம் என்பது நம் கருத்து. அருச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கும் காட்சி என்றும் இருவகையாகச் சொல்லப்படும் அந்தப் பெரும் பாறைச் சிற்பத்தின் முன் நின்றால் வியப்பு மேலிட்டுச் சிந்தனை நின்றுவிடும். ஊரின் மேற்கே, கூட்டம் அதிகம் செல்லாத பக்கத்தில், வலையன்குட்டை ரதம், பிடாரி ரதங்கள் என்று அழைக்கப்படும் சிறு கற்றளிகள் உள்ளன. அவை முடிக்கப்படாமல் விடப்பட்டவை. அவற்றின் அருகே பிள்ளைகளை நிறுத்தி, "இதில் எது முதலில் செய்யப்பட்டிருக்கும்?" என்று கேளுங்கள். மேற்புறத்துக் கூரையும் சிகரமும் நேர்த்தியாக முடிந்திருக்க, அடிப்புறம் கரடுமுரடான பாறையாகவே நிற்பதைப் பார்த்துச் சற்று நேரத்தில் அவர்களே கண்டுபிடித்துவிடுவர். நாம் வீடு கட்டும்போது அடித்தளத்திலிருந்து மேலே எழுப்புகிறோம்; பல்லவர் காலத்துச் சிற்பிகளோ ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்தார்கள். சாரம் கட்ட வேண்டிய தேவை குறைகிறது. மேலிருந்து விழும் சில்லுகள் முடித்த வேலையைச் சிதைப்பதுமில்லை.

முடிக்கப்படாத குடைவரைகளில் இன்னொன்றையும் காணலாம். பாறையின் முகத்தைச் சதுரங்கப் பலகைபோல் கட்டங்களாக வகுத்து, கட்டங்களுக்கு இடையே ஆழமான பள்ளங்களை வெட்டி, பின் துருத்தி நிற்கும் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்திருக்கிறார்கள். பெரும் பாறையைச் சிறு துண்டுகளாக்கி வென்ற முறை அது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மனாகிய மாமல்லன் காலத்திலும் அவனுக்குப் பின்னும் இங்கு வேலை செய்தவர்களின் உளித்தடங்கள் இன்றும் விரலால் தடவிப் பார்க்குமளவு தெளிவாக உள்ளன. (1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்ட இடங்கள் இவை. ஆகவே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை. தம் பெயரைக் கீறி வைக்கும் இளைஞர்களைக் கண்டால் கண்டிக்கத் தயங்க வேண்டாம்.)

இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சிற்பப் பட்டறைகளுக்குச் செல்லுங்கள். ஐந்து ரதங்களுக்குச் செல்லும் சாலையிலும் ஊரின் நுழைவாயில் பக்கமும் அவை வரிசையாக உள்ளன. காதே வழிகாட்டும். ஓலை அல்லது தகரக் கூரையின் கீழ் பிள்ளையாரும் புத்தரும் நந்தியும் பாதி உருவில் நிற்கும் நிழலில் சிற்பிகள் அமர்ந்திருப்பர். அவர்களிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலை அன்று, "இந்தக் கல்லை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்பதே. சிறு சுத்தியலால் கல்லைத் தட்டிக் காட்டுவர். கணீரென்று கனத்து ஒலிப்பதை ஆண்கல் என்றும், மெல்லிய இனிய ஒலி தருவதைப் பெண்கல் என்றும், ஒலியே எழாததை மூன்றாம் வகை என்றும் சிற்பநூல் மரபு பிரிக்கிறது. மூன்றாம் வகை தளத்துக்கும் அடித்தளத்துக்குமே ஆகும், சிலைக்கு ஆகாது. பெயர்கள் எவ்வாறாயினும், உள்ளே பிளவுள்ள கல் தெளிவாக ஒலிக்காது என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. மண்பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் விரலால் சுண்டிப் பார்ப்பதும் இதே கலைதான்.

அடுத்து அளவு. சிற்பி கல்லின் மேல் காவி நிறத்தால் நேர்கோடுகளும் குறுக்குக் கோடுகளும் இழுக்கிறார். உருவத்தின் முக நீளம் ஒரு தாளம் எனப்படும். தலைமைத் தெய்வ உருவங்களுக்குரிய உத்தம தசதாளத்தில் முழு உயரமும் 124 சம கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, நெற்றிக்கு இத்தனை, மூக்குக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை என்று ஒதுக்கப்படுகிறது. பள்ளியில் பின்னக் கணக்கைக் கண்டு அஞ்சும் சிறுவன் ஒருவன் இந்தக் கோடுகளின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்தால் அந்த அச்சம் ஓரளவு நீங்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. வெட்ட வெட்டக் கோடு மறையும், மறுபடி கோடு இழுப்பர், மறுபடி வெட்டுவர். முடியும்வரை அளவைக் கைவிடுவதே இல்லை.

இனி உளி. பொறுமையுள்ள சிற்பி ஒருவர் கிடைத்தால், உரிய கூலியை முன்பே பேசி, பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் சொல்லித்தருமாறு கேட்கலாம். அவ்வாறு கற்பிப்பதற்கென்றே ஆயத்தமாயிருக்கும் பட்டறைகளும் இப்போது உள்ளன. சிறுவர்க்கு முதலில் மாக்கல்லையே கொடுப்பர். அது மென்மையானது, கீறினால் கோடு விழும், ஒரு மீனோ இலையோ ஒரு மணி நேரத்தில் உருவாகிவிடும். ஆனால் அதோடு நிறுத்தாமல், பயனற்ற கருங்கல் துண்டு ஒன்றில் பத்து அடி அடித்துப் பார்க்கவும் கேளுங்கள். முதல் அடியில் உளி வழுக்கும். இரண்டாம் அடியில் கைக்குள் அதிர்வு ஏறும். பத்தாம் அடியில் கல்லில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் தெரியும். உளியை இறுகப் பற்றக் கூடாது, சுத்தியலின் கனமே வேலை செய்ய வேண்டும், அடி விழும் கோணம் மாறினால் கல் தப்பாகத் தெறிக்கும் என்பதெல்லாம் அப்போதுதான் புரியும். அதன் பின் அந்தப் பிள்ளை அருச்சுனன் தபசின் முன் போய் நிற்கட்டும். அங்கே மானொன்று பின்னங்காலால் முகத்தைச் சொறிந்துகொள்கிறது. காலையில் அதைக் கடந்துபோனபோது காணாத ஒன்றை மாலையில் காணும்.

பட்டறையின் மூலையில் சிறு உலை ஒன்று இருந்தால் அதையும் காட்டத் தவறாதீர்கள். கருங்கல்லில் உளிமுனை விரைவில் மழுங்கும். மழுங்கிய உளிகளைத் தீயில் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, நீரில் தோய்த்து எடுப்பது நாள்தோறும் நடக்கும் வேலை. எவ்வளவு சிவக்கக் காய்ச்ச வேண்டும், எப்போது தோய்க்க வேண்டும் என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்வர். அதிகம் கடினமானால் முனை ஒடியும், குறைந்தால் மடங்கும்.

இத்தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு என்று வந்த காலம் ஒன்றிருந்தது. 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம், பின்னர் அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்து, எக்குலத்தில் பிறந்தவரும் இதைக் கற்கலாம் என்ற வாயிலைத் திறந்தது. கல், மரம், உலோகம், சுதை ஆகியவற்றில் சிற்பம் செய்யவும் மரபுவழிக் கட்டடக்கலையும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. அதன் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றிய வை. கணபதி ஸ்தபதியின் கைவண்ணமே, 2000-ஆம் ஆண்டு முதல் நாளன்று கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை. மாமல்லபுரத்தை 2015-இல் உலகக் கைவினை மன்றம் கற்சிற்ப நகரமாக அறிவித்தது. 2017-இல் இவ்வூர்க் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பட்டங்கள் நல்லவையே. ஆயினும் பட்டறையில் இருப்பவரிடம் பேசினால் வேறு சில செய்திகளும் வெளிவரும்.

அவற்றுள் முதன்மையானது தூசி. முன்பு உளியால் மட்டும் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று மின்சாரத்தால் சுழலும் அறுவைக் கருவி செய்கிறது. 'கட்டிங் மிஷின்' என்றே பட்டறையில் சொல்வர். ஒரு வாரத்து வேலை ஒரு நாளில் முடிகிறது. வாங்குவோரும் விரைவையே விரும்புகின்றனர். ஆனால் உளி உதிர்ப்பது பெரும்பாலும் சில்லு. கருவி கிளப்புவது மாவினும் நுண்ணிய துகள். கருங்கல்லில் உள்ள சிலிக்கா என்னும் பொருள் அத்துகளோடு நுரையீரலின் ஆழத்தில் தங்கி, ஆண்டுகள் கழித்துச் சிலிக்கோசிஸ் என்ற நோயாக வெளிப்படும். அதைக் குணமாக்கும் மருந்து இல்லை. வராமல் காப்பதே வழி. அறுக்கும் இடத்தில் நீர் சொட்டவிடுவதாலும், துகளை உறிஞ்சும் அமைப்பாலும், தரமான முகக்கவசத்தாலும் பெருமளவு தடுக்கலாம். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. எனவே, கருவி ஓடும் பட்டறைக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்லாதீர்கள். உளிவேலை நடக்கும் இடத்திலேயே இருங்கள். அங்கும் கண்ணுக்குக் கண்ணாடி அணிவித்த பின்பே உளியைக் கொடுங்கள்.

இரண்டாவது, கூலி. நகரத்துக் கடையில் ஒட்டியுள்ள விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கும் நாம், வெயிலில் கல்லுடைக்கும் மனிதரிடம் பாதி விலைக்குக் கேட்டு, அதைச் சாமர்த்தியம் என்று வீட்டில் சொல்லியும் கொள்கிறோம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உளி பிடித்துப் பார்த்த பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். பேச்சு தானே குறையும். கற்பித்த ஒரு மணி நேரத்துக்கும் தனியே பணம் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அவருடைய வேலை நின்றிருக்கிறது. "சும்மா காட்டுங்களேன்" என்பது கேட்கத்தகாத சொல்.

சிற்பத்திலிருந்து சற்று வடக்கே வருவோம். சென்னையிலிருந்து வருபவர்க்கு முதலில் எதிர்ப்படுவது முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா. 1984-இல் தொடங்கப்பட்ட மதராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு, டெபோரா தியாகராஜன் அம்மையாரின் முயற்சியால் இதை 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. தென்னாட்டு வீடுகளின் காட்சிக்கூடம் என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். இவை கண்காட்சிக்காகச் செய்த போலி வீடுகள் அல்ல. செட்டிநாட்டிலும் கேரளத்திலும் பிற இடங்களிலும் இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூணும் உத்திரமும் கதவுமாகக் கழற்றி, எண்ணிட்டு, கொணர்ந்து, அந்தந்த ஊர்த் தச்சரையும் கொத்தரையும் கொண்டு மீண்டும் எழுப்பியவை பல. எளிய செலவில் வீடு கட்டுவதைத் தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்ட லாரி பேக்கர் இவ்வளாகத்துக்கு வடிவம் வகுத்தார். பென்னி குரியாக்கோஸ் அதைச் செயலாக்கினார். காஞ்சிபுரத்து நெசவாளர் வீடும், அக்கிரகார வீடும், குயவர் வீடும், கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடும் நடைதூரத்தில் அமைந்துள்ளன. அந்தப் புதுப்பள்ளி வீட்டின் மரச்சுவர்களைப் பார்த்துவிட்டு நேரே செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழையுங்கள். மழைமிகுந்த நாடு மரத்தை நம்பியது. வறண்ட நாடு சுண்ணாம்பையும் முற்றத்தையும் நம்பியது. புவியியல் ஆசிரியர் ஒரு மாதம் சொல்ல வேண்டியதை இரண்டு வாசற்படிகள் சொல்லிவிடுகின்றன.

இங்கே பிள்ளைகள் விரும்பிச் செல்லும் இடம் குயவர் சக்கரம். பிசைந்த களிமண் உருண்டையைச் சுழலும் சக்கரத்தின் நட்டநடுவில் நிலைநிறுத்துவதே முதற்பாடம்; பலர்க்கு அன்றைய பாடம் அதோடு முடிந்தும் விடும். நடுவிலிருந்து மயிரிழை விலகினாலும் மண் ஆடும். ஆடும் மண்ணை அழுத்தினால் சரியும். கைகளை அசைக்காமல் வைத்திருப்பதுதான் வேலை, அசைவதெல்லாம் மண்ணே என்று குயவர் சொல்லும்போது பிள்ளைகள் நம்புவதில்லை. அவர் தம் கையை அவர்கள் கையின்மேல் வைத்தவுடன் மண் அடங்கி நிற்கும். வனைந்ததை நூலால் அறுத்தெடுத்துக் கொடுப்பர். ஈரமான அந்தச் சிறு கிண்ணம் வீடு வந்து சேர்வதற்குள் வடிவம் மாறிவிடும் என்பதை முன்பே சொல்லி வையுங்கள். நிழலில் உலர்த்திச் சூளையில் சுட்ட பின்னரே மண் பாண்டமாகிறது. அது ஒருநாட் பயணத்தில் அடங்காத வேலை.

ஓலை பின்னுவதில் நம் வீட்டுப் பிள்ளைகள் பிறரைவிட முந்திக்கொள்வர் என்று எதிர்பார்க்கலாம். குருத்து ஞாயிறன்று கோயிலில் அமர்ந்தபடியே குருத்தோலையில் சிலுவை மடிக்கப் பழகிய விரல்கள் அல்லவா? அதே மடிப்பிலிருந்து கிலுகிலுப்பையும் பந்தும் பெட்டியும் எப்படிப் பிறக்கின்றன என்பதை அங்கே கற்றுக்கொள்ளட்டும். பனையோலையில் வாய்ப்பாடு ஒன்றுதான்: மேலே ஒன்று, கீழே ஒன்று. தறியில் நெசவாளர் செய்வதும் அதுவே. காஞ்சிபுரத்துச் சேலையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நூலால் நெய்து கோர்வையாக இணைப்பதற்கு மூன்று நாடாக்களும் துணையாள் ஒருவரும் வேண்டும் என்பதைத் தறியருகே நின்று கேட்டறிந்த பெண்பிள்ளை, பின்னர்த் துணிக்கடையில் சேலையைப் புரட்டிப் பார்க்கும் விதமே வேறு.

சென்னையை நோக்கி இன்னும் சிறிது சென்றால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உள்ளது. கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் 1966-இல் நிறுவியது. ஓவியம் விற்று வயிறு வளர்க்க இயலாத காலத்தில் அவர்கள் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருவாயில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். கைத்தொழிலைக் கலையினும் தாழ்ந்ததாக எண்ணுவோர்க்கு இந்த வரலாறு ஒன்றே போதும்.

கடலைப் பற்றி இங்கு விரிக்கவில்லை. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்குக் கற்பிக்கின்றனர்; கற்பிப்போரில் பலர் மீனவக் குடும்பத்து இளைஞர்கள். நீந்தத் தெரிந்த வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தகும். மற்றவர் விடியற்காலையில் கரையில் நின்று வலை இழுப்பதையும், பிற்பகலில் நிழலில் அமர்ந்து வலை செப்பனிடுவதையும் பார்க்கலாம். கட்டிய மரங்களின் பெயரைத்தான் ஆங்கிலேயர் தம் மொழிக்கு எடுத்துச் சென்றார்கள். இக்கரைகளிலோ இன்று பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே நிற்கின்றன.

இதுவரை கை வைத்துப் பார்க்கச் சொன்னோம். இனிச் சொல்லப்போகும் இடத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணையை அறியாதவர் குறைவு. அவ்வளாகத்துக்குள்ளேயே, சற்று ஒதுக்கமாக, இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. முதலையைக் கண்டு மகிழ்ந்து, இதைக் காணாமலே திரும்புவோர் பலர். நம்மைக் கேட்டால், இப்பயணம் முழுவதிலும் மிக உயர்ந்த கைத்திறனை இங்குதான் காண முடியும்.

இருளர் செங்கற்பட்டுப் பகுதியின் பழங்குடியினர். பாம்பின் தடத்தை மணலிலும் புல்லிலும் படித்து, வளையின் வாயைப் பார்த்தே உள்ளே இருப்பது யாது, எப்போது சென்றது என்று சொல்ல வல்லவர்கள். ஒரு காலத்தில் இத்திறன் அவர்களுக்குத் தந்தது தோல் வியாபாரிகள் கொடுத்த சொற்பக் கூலி மட்டுமே. பாம்புத் தோல் பதனிடப்பட்டுக் கைப்பையாகவும் காலணியாகவும் அயல்நாடு சென்றது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. தடை சரியானதே. ஆனால் அதனால் வியாபாரி வேறு சரக்குக்கு மாறினான். இருளர் வீட்டில் அடுப்பு அணைந்தது. அந்நிலையில் 1978-இல் உருவானதே இக்கூட்டுறவுச் சங்கம். கொல்வதற்காகப் பிடித்த பாம்பை இனி நஞ்சு எடுப்பதற்காகப் பிடித்து, எடுத்த பின் உயிரோடு விட்டுவிடலாம் என்பதே அதன் கருத்து.

முறை இது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் எத்தனை பிடிக்கலாம் என்பதற்கு அரசின் அனுமதி வேண்டும். உறுப்பினர் கடப்பாரையும் துணிப்பையுமாக வயல்களில் நடந்து பிடித்து வருவர். பாம்புகள் வாயில் துணி கட்டிய மண்பானைகளில் வைக்கப்படும். வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு முறை நஞ்சு எடுக்கப்படும். தலையைப் பிடித்து, மெல்லிய தோல் போர்த்திய குவளையின் விளிம்பில் பல்லைப் பதியச் செய்தால் மஞ்சள் நிறத் துளிகள் சொட்டும். ஏறத்தாழ ஒரு மாதத்தில், வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டு, பாம்பைக் காட்டில் விட்டுவிடுவர்; அந்த அடையாளம் உள்ள பாம்பு மறுபடி அகப்பட்டால் பிடிப்பதில்லை. உறையவைத்து உலர்த்திய நஞ்சுப்பொடி மருந்துக் கூடங்களுக்குச் செல்கிறது. அங்கே அதைக் குதிரையின் உடலில் சிறுகச் சிறுகச் செலுத்தி, குதிரையின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து நச்சுமுறி மருந்து செய்கின்றனர். இந்தியாவில் அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி பல்லாண்டுகளாக வடநெம்மேலியின் இம்மண்பானைகளிலிருந்தே சென்றிருக்கிறது.

எதற்காக இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறோம்? 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் இறந்தோர் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. அவர்களில் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள். எங்கோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு விவசாயி உயிர் பிழைத்து எழுந்து உட்கார்ந்தால், பெயர் தெரியாத ஓர் இருளரின் விரல்களுக்கும் அதில் பங்குண்டு. அனுமதி தாமதமாகும் பருவத்திலோ அந்த விரல்களுக்கு வேலையில்லை, கூலியுமில்லை. இவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட அயல்நாட்டு மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தனர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நஞ்சு எடுப்பதைப் பார்வையாளர் சுவருக்கு இப்பால் நின்று காணலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அதைக் கொடுக்கத் தயங்காதீர்கள். காட்டுபவர் வித்தை காட்டவில்லை. தம் தொழிலைச் செய்கிறார். கூச்சலிட்டு அவருடைய கவனத்தைக் கலைக்கக் கூடாது. மகுடி எங்கே என்று கேட்கவும் வேண்டாம்.

அங்கே நிற்கும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதையும் இங்கே எழுதிவிடுகிறோம். பாம்பு கடித்துவிட்டால் கடிவாயைக் கீறவோ வாயால் உறிஞ்சவோ கூடாது. கயிற்றால் இறுகக் கட்டவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, கடிபட்ட கையையோ காலையோ அசையாதபடி பார்த்துக்கொண்டு, மோதிரம், கொலுசு முதலியவற்றை வீக்கம் வருமுன் கழற்றி, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். பச்சிலை, மந்திரம் என்று கழியும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம். பாம்பைத் துரத்திப் பிடித்துச் செல்ல வேண்டிய அவசியமில்லை. இரவில் வெளியே செல்லும்போது கையில் விளக்கும், படுக்கையில் கொசுவலையும் இருந்தாலே பல கடிகள் நேராமற் போகும்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டுக்குத் திரும்புவோர்க்கு, தண்டரையில் இருளர் மகளிர் நடத்தும் நலச்சங்கம் ஒன்று உண்டு. 1986 முதல் இயங்கி வருவது. மூலிகைத் தோட்டம் வளர்த்து, இலைகளின் பெயரையும் பயனையும் தம் முன்னோரிடம் கற்றபடி காத்து வருகின்றனர். முன்னறிவிப்பின்றிச் சென்று தொந்தரவு செய்யாமல், செய்தி அனுப்பிவிட்டுச் செல்வதே பண்பு.

இனி, நாளை வகுக்கும் வகை. இத்தனையையும் ஒரே நாளில் அடக்க முயல்வது வீண். கைவேலைக்கு அவசரம் பகை. ஒரு நாளைக்கு ஒரு தொழில், அதனருகே ஒரு காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கற்பட்டுப் பக்கத்தவர் பேருந்தில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று, காலையில் முடிக்கப்படாத ரதங்களையும், வெயில் ஏறியபின் நிழலில் சிற்பப் பட்டறையையும், மாலையில் அருச்சுனன் தபசையும் காணலாம். சென்னைப் பக்கத்தவர் ஒருநாள் தட்சிணசித்ராவோடு நிறுத்திக்கொண்டு, வடநெம்மேலியை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. முதலைப் பண்ணை திங்கட்கிழமைகளிலும் தட்சிணசித்ரா செவ்வாய்க்கிழமைகளிலும் மூடியிருக்கும். மண்ணிலும் கல்தூளிலும் அழுக்காகலாம் என்று அனுமதிக்கப்பட்ட பழைய உடையை அணிவித்து அழைத்துச் செல்லுங்கள். புத்தாடை உடுத்திய பிள்ளை சக்கரத்தின் அருகே வராது. குடிநீரும் தொப்பியும், கல்லடிக்கும் இடத்துக்குக் கண்ணாடியும் மறக்க வேண்டாம். பட்டறையில் வாங்கும் கற்சிலை சிறிதாயினும் கனமானது. திரும்பும் பேருந்தில் அதை யார் மடியில் வைத்துக்கொள்வது என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.